அடங்காத குரல்
(நூற்றாண்டு விழாவில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



டொக்டர் என்பதால் நான் இரத்த அழுத்தம் பற்றிப் பேசுவேன் என்று பயந்திருப்பீர்கள். இன்று பாட்டுப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

1934 இல் கிரேஸ் மூர் என்ற ஒப்பேரா பாடகி ‘வன் நைட் ஒஃப் லவ்’ என்ற ஹொலிவூட் படத்தில் நடித்துப் பெரும் புகழ் பெற்றார். அடுத்த ஆண்டு நமது மொழியிலும் ஒரு பாடகி திரைக்கு வந்தார். அவர் கொடுமுடி கே. பி. சுந்தராம்பாள்.

அவருக்கும் நமது ஊருக்கும் தொடர்பு உண்டு. இளம் வயதில் நாடகக் குழுவோடு இலங்கைக்கு வந்து பாடி நடித்தவர் அவர். எஸ். ஜி. கிட்டப்பாவோடு அவர் சேர்ந்து நடித்ததும் இங்கேதான். பிறகு இருவரும் மணம் செய்துகொண்டார்கள். 1933 இல் கிட்டப்பா இறந்தபோது சுந்தராம்பாளுக்கு வயது 25. வெள்ளைச் சேலை உடுத்தார், நகைகளைக் கழற்றினார், மேடையை விட்டு ஒதுங்கினார்.

ஆனால் அந்தக் குரல் அடங்கவில்லை. எந்த ஆணுக்கும் சோடியாக நடிப்பதில்லை என்ற உறுதியோடு, 1935 இல் ‘பக்த நந்தனார்’ படத்தில் நந்தனாராகவே நடித்தார். அதற்கு அவர் பெற்ற ஊதியம் ஒரு இலட்சம் ரூபாய் என்பார்கள். நமது மண்டபத்தில் மீசை வரைந்து ராஜா வேடம் போட்டவர்களே, உங்களுக்கு முன்னோடி அவர்தான்!

1953 இல் ஜெமினியின் ‘ஔவையார்’ வந்தது. அப்போது அவர் நாற்பதுகளின் நடுவில் இருந்தார். இன்று என் வயது.

கொட்டாஞ்சேனையில் வாழ்ந்த என் அம்மம்மாவும் இளம் வயதில் கணவனை இழந்தவர். அதன்பின் வீட்டில் ஒரு தேவாரம்கூடப் பாடவில்லையாம். யாரும் தடுக்கவில்லை, பாடச் சொல்லவும் இல்லை. அயலவர்கள் ஒருநாள் அவரை ‘ஔவையார்’ படத்துக்கு அழைத்துப் போனார்கள். அன்று மாலை விளக்கேற்றும்போது அம்மம்மா பாடினார். எட்டு வயதுப் பிள்ளையாக இருந்த என் அம்மா, தன் தாயின் பாட்டை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டாராம்.

நானும் இங்கே காலைக் கூட்டத்தில் தேவாரம் பாடியவள். மருத்துவக் கல்லூரி, வோர்ட், பிள்ளைகள் என்று இருபது வருடங்கள் பாடவில்லை. என்னையும் யாரும் தடுக்கவில்லை. நேரமில்லை என்று நானே சொல்லிக்கொண்டேன்.

வெள்ளவத்தையில் இருந்தாலும் லண்டனில் இருந்தாலும் ரொறன்ரோவில் இருந்தாலும், பாட்டையோ நடனத்தையோ சித்திரத்தையோ இந்தப் பாடசாலையோடு விட்டுவிட்ட பலர் நம்மிடையே இருக்கிறீர்கள். உங்கள் மகளோ பேத்தியோ அதை ஒருநாளாவது பார்க்கட்டும்.

இப்போது பாடசாலைக் கீதம். எனக்குத் தொண்டை நடுங்குகிறது. எல்லோரும் சேர்ந்து பாடுங்கள்.