ஏரியின் விலையும் நீரின் பயனும்

நீர்நிலையை நிலமாக்குவதே முன்னேற்றம் எனக் கருதப்பட்ட காலம் நெடிது. இத்தாலியின் ஃபுசினோ ஏரி இதற்குச் சான்றாகும். உரோமப் பேரரசர் கிளாடியஸ் மலையைக் குடைந்து அதன் நீரை வெளியேற்ற முயன்றார்; முழு வெற்றி 19ஆம் நூற்றாண்டில்தான் கிட்டியது. 1870களில் டொர்லோனியா என்ற பிரபு தம் செலவில் ஏரியை வற்றச் செய்தார். கிடைத்த வளமான நிலம் அவர் குடும்பத்தின் உடைமையாயிற்று, மீனவர் தொழிலிழந்தனர். 1950களின் நிலச் சீர்திருத்தத்தின் வாயிலாகவே அந்நிலம் உழவர் கைக்கு வந்தது. ஏரியை அழித்து ஆதாயம் பெறுகையில், அது யாருக்கு என்ற வினா எழுகின்றது.

கொல்கத்தாவின் கிழக்கேயுள்ள உப்பேரிப் பகுதியிலும் இவ்வினா பொருந்தும். 1962இல் ஹூக்ளி நதியின் வண்டலைக் குழாய் வழியே கொணர்ந்து, உப்பேரியின் ஒரு பகுதியைத் தூர்க்கும் பணி தொடங்கிற்று. அங்கு பிதான்நகர் எழுந்தது. இடநெருக்கடி மிக்க மாநகருக்குக் குடியிருப்புகள் கிடைத்தன என்பதை மறுப்பதற்கில்லை.

எனினும், எஞ்சிய குளங்கள் ஆற்றும் பணி பெரிது. நகரின் கழிவுநீர் கால்வாய்கள் வழியே ஆழங்குறைந்த இக்குளங்களை அடைகின்றது. வெயிலில் பாசி வளர்ந்து பிராணவாயுவை வெளியிடுகின்றது. அதன் துணையால் நுண்ணுயிர்கள் கழிவைச் சிதைக்கின்றன. மீன்கள் பாசியை உண்டு பெருகுகின்றன. தெளிந்த நீர் நெல்வயல்களுக்குப் பாய்கின்றது. நகரம் ஒதுக்கியது, மீனாகவும் நெல்லாகவும் நகருக்கே திரும்புகின்றது. இயந்திரமும் மின்சாரமும் செய்யவேண்டிய வேலையைக் கதிரவனும் மீனவரின் அனுபவ அறிவும் செய்து முடிக்கின்றன.

பொறியாளர் துருவஜோதி கோஷ் 1980களில் இதனை ஆராய்ந்து உலகறியச் செய்தார். 1992இல் கல்கத்தா உயர்நீதிமன்றம் இந்நிலங்களை வேறு பயனுக்கு மாற்றுவதற்குத் தடை விதித்தது. 2002இல் 12,500 ஹெக்டேர் பரப்பு ராம்சர் உடன்படிக்கைப் பட்டியலில் இடம்பெற்றது. 2006இல் மேற்கு வங்கம் தனிச்சட்டம் இயற்றியது.

ஆயினும் சட்டம் மட்டும் காவலாகாது. மனையின் விலை பத்திரத்தில் பதிவாகின்றது. குளம் நாள்தோறும் ஆற்றும் சேவை எக்கணக்கிலும் வரவாக எழுதப்படுவதில்லை. குளம் தூர்ந்தால் ஆதாயம் மனை விற்போரைச் சேரும். சுத்திகரிப்பு நிலையத்தின் செலவு வரி செலுத்தும் மக்கள் மீதும், பிழைப்பின் இழப்பு மீனவர் மீதும் விழும். ஆகவே, நீர்நிலை எதனையும் மாற்றியமைக்கும் திட்டத்தில், அது இலவசமாக ஆற்றிவரும் பணிக்கு ஈடான செலவும், அச்செலவை யார் ஏற்பர் என்பதும் முதலில் கணக்கிடப்படுதல் வேண்டும். அக்கணக்கின்றித் தீட்டப்படும் திட்டம் முழுமையான திட்டமாகாது.