பயிர்த்தொழிலும் பல்லுயிர்க் காவலும்
(திருவிழாச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

திருக்கோயில்தோறும் ஒரு தலமரத்தைப் போற்றுவது தமிழர் மரபு. மதுரைக்குக் கடம்பு, தில்லைக்குத் தில்லை, காஞ்சி ஏகம்பத்திற்கு மா. ஊருக்கு ஊர் மரம் வேறுபட்டதால் பலவகை மரங்கள் காக்கப்பட்டன. பயிர்த்தொழிலுக்கும் இவ்வேறுபாடே காவலாகும். இதனைப் பேராக் மாநிலத்துத் தோட்டங்களின் வரலாறே எடுத்துரைக்கின்றது.

1876ஆம் ஆண்டு ஹென்றி விக்காம் என்பவர் பிரேசில் நாட்டிலிருந்து ரப்பர் விதைகளை இலண்டனுக்குக் கொண்டு சென்றார். அவற்றில் முளைத்த கன்றுகளின் வழிவந்த 22 கன்றுகள் 1877இல் சிங்கப்பூரை அடைந்தன. அவற்றுள் சில, பேராக்கின் ஆங்கிலேயப் பிரதிநிதியாக இருந்த ஹியூ லோ அவர்களால் கோலகங்சாரில் நடப்பட்டன. ஈப்போவைச் சுற்றிலும் தமிழர் பால்வெட்டிய தோட்டங்களில் நின்ற மரங்களுள் பெரும்பாலானவை அந்த விதைகளின் வழித்தோன்றல்களே. கோடிக்கணக்கான மரங்கள், ஆயினும் குலம் ஒன்றே!

இதில் உள்ள ஆபத்து யாது? அமேசான் காட்டில் ரப்பர் மரங்கள் பிற மரங்களுக்கிடையே சிதறி நிற்கின்றன. ஆகவே, இலைக்கருகல் நோய் ஒரு மரத்தைத் தாக்கினும் அடுத்ததை எளிதில் எட்டுவதில்லை. 1928இல் ஹென்றி ஃபோர்டு நிறுவனம் அதே பிரேசிலில் ரப்பரை நெருக்கமாக நட்டது. நோய் மரத்துக்கு மரம் தாவியது. 1945இல் அம்முயற்சி கைவிடப்பட்டது. இங்குள்ள மரங்களும் இந்நோயைத் தாங்கவல்லன அல்ல. எனவேதான் 1981இல் அறிஞர்கள் மீண்டும் அமேசான் சென்று பலவகை விதைகளைத் திரட்டினர். அவற்றின் ஒரு பகுதி மலேசியாவிற்கும் வந்தது. வளம் வேண்டியபோது அறிவியலும் காட்டின் வாயிலிலேயே நின்றது.

செம்பனையின் கதையும் இத்தகையதே. ஆப்பிரிக்காவிலிருந்து மரம் வந்தது. அதன் பூக்களில் மகரந்தம் சேர்க்கும் சிறு வண்டு வரவில்லை. அதனால் பல தோட்டங்களில் தொழிலாளர்களே பூங்குலைதோறும் மகரந்தப் பொடியைத் தூவ வேண்டியிருந்தது. ரஹ்மான் சையத் என்னும் பூச்சியியல் அறிஞர் கேமரூன் நாட்டில் இதனை ஆராய்ந்தார். பிற பயிர்களுக்குத் தீங்கு செய்யாதெனச் சோதித்தறிந்த பின், 1981இல் அவ்வண்டு மலேசியாவில் விடப்பட்டது. அதன்பின் காய்ப்பு பெருகியது; கையால் தூவும் வேலையும் பெரும்பாலும் தேவையற்றுப் போயிற்று. அரிசியினும் சிறிய உயிர் ஒன்று ஆயிரமாயிரம் கரங்களின் பணியை ஏற்றுக்கொண்டது!

ரப்பர்த் தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்பிற்கும் மாறியபோது, தொழிலாளர் குடும்பங்கள் லயங்களை விட்டு நகர்ப்புறத் தாமான்களில் குடியேறின. லயத்தின் பின்புறம் நின்ற முருங்கை, அகத்தி, கறிவேப்பிலை, வல்லாரை ஆகியவை பல இடங்களில் அங்கேயே அழிந்தன. பாட்டிமார் பேணிய விதையும் அதன் பயனறிந்த அறிவும் சேர்ந்தே மறைகின்றன. விதை போனால் விலைகொடுத்தும் அதனைப் பெறுதல் அரிது.

ஆதலின், ஆண்டுதோறும் திருவிழாவில் பிரசாதத்தோடு ஒரு கன்றையும் வழங்க ஆலயங்கள் முன்வர வேண்டும். வில்வம், வேம்பு, கொன்றை ஆகியன திருக்கோயில் வளாகத்தில் தழைக்கட்டும். முருங்கைப் போத்தும் அகத்தி விதையும் இல்லந்தோறும் செல்லட்டும். பல்லுயிரைப் பேணுவதும் இறைதொண்டே எனக் கூறி, இறையருள் யாவர்க்கும் பெருக வாழ்த்தி இவ்வுரை நிறைவுறுகிறது.