உலகச் சட்டமும் ஊர் வழக்கறிஞரும்

உலக நாடுகள் பாரிஸ் மாநகரில் கூடி, 1948ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் நாள் மனித உரிமைப் பிரகடனத்தை வெளியிட்டன. எவரையும் சித்திரவதை செய்தலாகாது என்பது அதன் ஐந்தாம் விதி. அவ்விதிக்கும் நம் கடலூர் மாவட்டத்துச் சிற்றூர்க் காவல் நிலையத்திற்கும் இடையே உள்ள தொலைவைக் கடக்க வேண்டியவர் யார்? வழக்கறிஞரே என்பது என் கருத்து. அதற்கு அவர் தக்க பயிற்சி பெற்றிருத்தல் வேண்டும்.

1993 மார்ச்சுத் திங்களில், விருத்தாசலத்தை அடுத்த முதனை ஊரினரான இராசாக்கண்ணு என்னும் குறவர் சமூகத்துத் தொழிலாளி, திருட்டு வழக்கொன்றின் விசாரணைக்காகக் கம்மாபுரம் காவல் நிலையத்திற்குக் கொண்டு செல்லப்பட்டார். பின்னர், அவர் தப்பியோடிவிட்டதாகக் காவலர் கூறினர். மனைவி அதனை நம்பவில்லை. அவருக்காக வழக்கறிஞர் கே. சந்துரு சென்னை உயர்நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுவை நடத்தினார். காவலில் அடிபட்டே அவர் மாண்டார் என்பது புலனாயிற்று. 2006இல் காவலர் தண்டிக்கப்பட்டனர். 2021இல் வெளிவந்த ‘ஜெய் பீம்’ திரைப்படத்தின் வாயிலாக இவ்வரலாற்றை நீங்கள் அறிந்திருக்கலாம்.

அதே மார்ச்சுத் திங்களில் உச்ச நீதிமன்றம் நீலபதி பெஹெரா வழக்கில் தீர்ப்பளித்தது. ஒரிசாவில், காவலர் பிடித்துச் சென்ற மகனை இருப்புப்பாதையில் பிணமாகக் கண்ட தாய் எழுதிய கடிதமே அங்கு மனுவாயிற்று. குடிமை, அரசியல் உரிமைகள் பற்றிய உலக உடன்படிக்கையில் இந்தியா 1979இல் சேர்ந்தது. தவறாகக் கைதானவர் இழப்பீடு பெறும் உரிமையைக் கூறும் பகுதிக்கு மாத்திரம் நம் சட்டத்தில் இடமில்லை என்று அரசு அப்போது தெரிவித்திருந்தது. நீதிபதிகளோ அப்பகுதியையே எடுத்துக்காட்டி, தாய்க்கு 1,50,000 ரூபாய் வழங்க ஆணையிட்டனர். உலக நியதியை அறிந்தோர் கையில் அஃது எத்துணை வலிமை பெறுகிறது, பாருங்கள்!

எனினும், இவ்விரு வழக்குகளிலும் நீதி வந்தது உயிர் போன பின்னர். உயிரைக் காக்கும் நேரம் கைதான முதல் நாளே. கைதானவரை 24 மணி நேரத்திற்குள் மாஜிஸ்திரேட்டு முன் நிறுத்த வேண்டும் என்பது நம் அரசியலமைப்பின் 22ஆவது பிரிவு. கைதுக் குறிப்பில் உறவினரோ ஊராரோ சாட்சியாகக் கையொப்பமிட வேண்டும்; கைதானவர் கேட்டால் உடலிலுள்ள காயங்களை அப்போதே எழுதி வைக்க வேண்டும்; 48 மணி நேரத்திற்கு ஒருமுறை மருத்துவர் சோதிக்க வேண்டும் என்றெல்லாம் 1996 டிசம்பரில் டி. கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் விதித்தது. கேட்பார் இல்லையேல் இவ்விதிகள் ஏட்டிலேயே உறங்கும்.

நாளை சிதம்பரத்திலோ கடலூரிலோ மாஜிஸ்திரேட்டின் முன் முதன்முறையாக எழுந்து நிற்கும் இளம் வழக்கறிஞர், “கைதுக் குறிப்பு எங்கே? மருத்துவச் சான்று எங்கே?” என்று தயங்காமல் கேட்டல் வேண்டும். அத்துணிவு பயிற்சியால் வருவது. வழக்கறிஞர்க்கு மனித உரிமைக் கல்வி அளிப்பது அரசுகளின், வழக்கறிஞர் சங்கங்களின், கல்விக்கூடங்களின் கடமை என்று 1990இல் ஹவானா நகரில் கூடிய ஐக்கிய நாடுகள் மாநாடு வகுத்துரைத்தது. அக்கல்வி விதிகளை மனனம் செய்வதோடு நின்றுவிடலாகாது. மாதிரி நீதிமன்றம் அமைத்து, கைதானவராக ஒருவரும் வழக்கறிஞராக ஒருவரும் நின்று வினவிப் பழகுதல் வேண்டும்.

மாணவர்களே, உங்களுள் சிலர் சட்டம் பயிலுவீர்கள். உலக நியதிகளைத் தமிழிலும் கற்றுக்கொள்ளுங்கள். உங்களை நாடி வரும் ஏழைப் பெண்ணுக்கு அவள் மொழியில் அவற்றை விளக்க வேண்டியவர்கள் நீங்களே.