ஏறும் வழியும் அறியும் வழியும்



மொழியியல் பயின்றவன் பலமாடி அருங்காட்சியகங்களைப் பற்றி ஏன் பேச வேண்டும் என நீங்கள் எண்ணக்கூடும். காரணங்கள் இரண்டு. ஒன்று, ஒரு சொல். மற்றொன்று, என் தமக்கை.

தமிழில் ‘படி’ என்பது காலால் ஏறும் படியையும் குறிக்கும். நூலைப் படி என்னும் ஏவலையும் குறிக்கும். ஒலி ஒன்றாயிருப்பதால் வேரும் ஒன்றே எனக் கூறுவது மொழியியலுக்கு அடுக்காது. ஆயினும் அருங்காட்சியகத்தில் அவ்விரு பொருளும் சந்திக்கின்றன. எவ்வரிசையில் ஏறி இறங்குகிறோமோ, அவ்வரிசையில்தான் வரலாற்றைப் படிக்கிறோம். தமிழ்த் தொடரில் வேற்றுமை உருபுகள் இருப்பதால் சொற்களை இடம் மாற்றினாலும் பொருள் பெரிதும் சிதையாது. காட்சிப் பொருள்களுக்கு அத்தகைய உருபு இல்லை. எது முன், எது பின் என்பதை வழியே சொல்லவேண்டும்.

இதை உணர்ந்து கட்டிய கட்டடங்கள் சில உண்டு. நியூயார்க்கில் 1959ஆம் ஆண்டு திறக்கப்பட்ட குகென்ஹைம் அருங்காட்சியகத்தைப் பிராங்க் லாயிட் ரைட் ஒரு சுருள்வழியாகவே அமைத்தார். மின்தூக்கியில் உச்சிக்குச் சென்று, சாய்தளத்தில் ஓவியங்களைப் பார்த்தவாறே இறங்கிவருதல் அவர் கருத்து. ஏதென்சு நகரில் 2009இல் திறக்கப்பட்ட அக்ரோபொலிஸ் அருங்காட்சியகத்தில் முதலில் சாய்தளம் வழியே ஏறுகிறோம். குன்றேறும் உணர்வு காலுக்குக் கிடைக்கிறது. உச்சித் தளத்தில் பார்த்தினன் கோயிலின் சிற்பங்கள். கண்ணாடிச் சுவருக்கு அப்பால் அந்தக் கோயிலே நிற்கிறது.

நம் கெடாவிலும் இதற்குச் சான்று உண்டு. அலோர் ஸ்டாருக்கு அருகே, கெரியாங் குன்றின் பக்கத்தில், 2004இல் திறக்கப்பட்ட நெல் அருங்காட்சியகத்தை உங்களுள் பலர் பார்த்திருப்பீர்கள். கீழே ஏர், அரிவாள் முதலிய உழவுக் கருவிகள். சுழற்படியில் மேலே ஏறினால், குன்றின் உச்சியிலிருந்து காணும் வயல்வெளி சுற்றுச்சுவர் ஓவியமாக விரிகிறது. பார்வையாளர் அமரும் மேடையே மெல்லச் சுழல்கிறது. கருவியை முதலில் காட்டி, விளைநிலத்தைப் பின்னர்க் காட்டுவது நல்ல சொல்வரிசை.

மெர்போக்கிலுள்ள பூஜாங் பள்ளத்தாக்குத் தொல்லியல் அருங்காட்சியகத்திலோ மலைச்சரிவே மாடிகளாகிறது. வேறிடங்களிலிருந்து பெயர்த்துக் கொணர்ந்த கோயில் அடித்தளங்களைக் கடந்து ஏறினால், தன் இடத்திலேயே நிற்கும் புக்கிட் பத்து பாஹாட் சண்டியை அடைகிறோம். கடாரத்தின் பழமையை அங்கே மூச்சு வாங்க ஏறித்தான் அறிகிறோம்.

மூச்சு வாங்க முடியாதவர் என்ன செய்வார்? இப்போது என் தமக்கையைச் சொல்கிறேன். அவர் முப்பது ஆண்டுகள் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அருங்காட்சியகத்துக்கு அவரை அழைத்துச் சென்றேன். தோட்ட வாழ்வைக் காட்டும் பகுதி மேல்மாடியில் இருந்தது. ஏறுவதற்குப் படிக்கட்டு மட்டுமே. முழங்கால் இடங்கொடாததால் அவர் கீழே நாற்காலியில் அமர்ந்துவிட்டார். “நீ போய்ப் பாத்துட்டு வந்து சொல்லு, தம்பி” என்றார்.

மேலே உளியும் மங்கும் காண்டா வாளியும் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தன. உளியை எக்கோணத்தில் பிடித்தால் மரம் புண்படாது என்பதை அங்கிருந்த எழுத்துப் பலகை கூறவில்லை. அதைக் கூற வல்லவர் கீழே அமர்ந்திருந்தார்.

சாய்தளம் அமைப்பது எளிதன்று. ஓரடி உயர்வுக்குப் பன்னிரண்டடி நீளம் வேண்டும் என்பது பல நாடுகளில் வழங்கும் அளவு. அவ்வாறெனில் நான்கு மீட்டர் உயரமுள்ள மாடிக்கு 48 மீட்டர் சாய்தளம் வேண்டும். இடையே இளைப்பாறும் தளங்கள் தனி. இத்துணை இடத்தைப் பின்னர்த் தேட இயலாது. வரைபடத்தின் முதற்கோட்டிலேயே ஒதுக்கவேண்டும். மின்தூக்கியைப் பண்டகசாலைக்குப் பின்னே ஒளித்து வைப்பதும் தீர்வாகாது. படியேறி வருபவரும் மின்தூக்கியில் வருபவரும் ஒரே வாயிலில், ஒரே முதற்பொருளின்முன் வந்து நிற்கவேண்டும். இல்லையேல் ஒருவர் கதையைத் தொடக்கத்திலிருந்தும் மற்றவர் நடுவிலிருந்தும் படிப்பர்.

சுங்கை பட்டாணியிலோ கூலிமிலோ நாளை நம் தோட்ட வரலாற்றுக்கு ஒரு காட்சியகம் எழலாம். அன்று, அவ்வரலாற்றை வாழ்ந்தவர்கள் கீழே காத்திருக்கும் நிலை வரலாகாது. இடம் சிறிதெனில் தோட்டப் பகுதியைத் தரைத்தளத்திலேயே வையுங்கள், உயரம் பெருமையன்று.

ஆசிரியர்களே, அடுத்த முறை மாணவரை அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் செல்லும்போது, பார்த்த பொருள்களின் பட்டியலோடு நடந்த வழியையும் வரையச் சொல்லுங்கள். மாணவர்களே, அவ்வழியில் உங்கள் பாட்டி எந்த இடத்தில் நின்றுவிடுவார் என்பதையும் குறித்து வையுங்கள். நாளை கட்டப்போகிறவர்கள் நீங்கள்.