எத்தனை பேரில் எத்தனை பேர்?

மாரி மழை பிடித்துவிட்டால் எங்கள் சனம் ஒருவரை ஒருவர் கேட்பது, "இரணைமடு எத்தனை அடி?" 36 அடி கொள்ளும் குளம். ஆனால் சிறுபோகக் கூட்டத்தில் அடிக்கணக்கை மட்டும் கேட்டுவிட்டு எந்தக் கமக்காரரும் எழும்பிப் போகமாட்டார். எத்தனை ஏக்கருக்குத் தண்ணி காணும், என் வயலுக்கு வருமா என்று கேட்டுத்தான் எழும்புவார். உயர்தரப் பெறுபேறு வந்தால் மட்டும் "சித்தி 60 வீதம்" என்றதும் தலையாட்டிவிடுகிறோம்.

எதில் சித்தி? மூன்று பாடத்திலும் குறைந்தது ஒரு 'எஸ்', அதாவது 35 புள்ளி. பொதுச் சாதாரணப் பரீட்சையில் 30. இவ்வளவும் இருந்தால் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கத் தகுதி. தகுதி வேறு, அனுமதி வேறு. 2022ஆம் ஆண்டுப் பரீட்சையில் ஏறத்தாழ 63 வீதமானோர் தகுதி பெற்றார்கள், 166,000க்கு மேற்பட்டவர்கள். அரச பல்கலைக்கழகங்களில் இடம் இருந்தது ஏறத்தாழ 45,000 பேருக்கு.

இனி எனக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறேன். கணித வாத்தியார் அல்லவா, பகுதியெண்தான் எனக்குப் பிடித்த இடம். நான் படிப்பித்த ஒரு பள்ளிக்கூடத்தில் ஒரு வருடம் கணிதப் பிரிவில் எட்டுப் பேர் தோற்றி, நாலு பேர் சித்தி. 50 வீதம், அதிபர் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. அடுத்த வருடம் 80 வீதம்! ஆசிரியர் அறையில் ரோல்ஸும் தேத்தண்ணியும். நானும் இரண்டு ரோல்ஸ் சாப்பிட்டேன். வீட்டுக்குப் போய்க் கணக்குப் பார்த்தால், அந்த முறையும் சித்தி நாலு பேர்தான். தோற்றியவர்கள் ஐந்து பேர். அந்த வகுப்பில் மிச்சம் இருந்த மூன்று பேரை "கலைக்கு மாறுங்கோ, இல்லாவிட்டால் வெளியால எடுங்கோ" என்று நாங்களே அனுப்பியிருந்தோம். அம்மாமாரே, ஐயாமாரே, கீழே இருக்கிற எண்ணைக் குறைத்தால் வீதம் தானாக ஏறும்!

அந்த மூவரில் ஒரு பிள்ளை மறுவருடம் தனிப்பட்ட பரீட்சார்த்தியாகத் தோற்றி, மூன்று பாடமும் எடுத்தாள். அவளுடைய சித்தி எங்கள் பள்ளிக்கூடத்துக் கணக்கில் ஏறவில்லை. ஏறவும் கூடாது.

வீதக் கணக்கில் ஏறாதது இன்னும் உண்டு. 2009 ஆகஸ்டில் செட்டிகுளம் இடம்பெயர்ந்தோர் முகாம்களில் இருந்துகொண்டு உயர்தரம் எழுதிய எங்கள் பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். பதுங்குகுழியில் படித்ததை எந்த வீதத்தில் சேர்ப்பது?

இஸட் புள்ளி, மாவட்ட ஒதுக்கீடு எல்லாம் சொல்ல நினைத்தேன். கலையகத்தார் கையைக் காட்டுகிறார்கள். ஒன்றைச் சொல்லி விடுகிறேன்: பெரும்பாலான துறைகளில் பல்கலைக்கழக இடங்களில் 40 வீதம் தீவு மட்டத் திறமைக்கு, 55 வீதம் மாவட்டத்துக்கு, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. வன்னி மாவட்டங்கள் அந்த 5 வீதத்துக்குள்ளும் வரும்.

அடுத்த முறை பள்ளிக்கூடத்துப் படலையில் வீதம் போட்டுப் பதாகை கட்டினால், எத்தனை பேர் தரம் 12க்கு வந்தார்கள், எத்தனை பேர் தோற்றினார்கள் என்று அதிபரைக் கேளுங்கள். உங்கள் ஒழுங்கையில் ஒரு பிள்ளை தவறியிருந்தால், மூன்று தடவை தோற்றலாம் என்று அந்த வீட்டுக்கு இன்றைக்கே போய்ச் சொல்லுங்கள்.