சிப்பி ஓடும் பிளாஸ்டிக் குழாயும்



தூத்துக்குடிக் கடலில் அரசு நடத்திவந்த முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. ஆயினும் முத்துச்சிப்பி நமக்குக் கற்பிக்கும் பாடம் இன்னும் முடியவில்லை.

சிப்பி ஓட்டின் உட்புறத்தைப் பாருங்கள். பளபளக்கும் அப்பகுதியின் எடையில் ஏறக்குறைய 95 விழுக்காடு கால்சியம் கார்பனேட். சுண்ணாம்புக்கல்லும் அதே பொருளால் ஆனதுதான். கல் சுத்தியலடிக்கு நொறுங்குகிறது. ஓடோ எளிதில் நொறுங்குவதில்லை. காரணம் யாது? நுண்ணிய தகடுகள் செங்கற்களைப் போல அடுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றினிடையே புரதம் கலந்த மென்படலம் சாந்துபோல் பரவியிருக்கிறது. அதனால் விரிசல் நேரே ஓட இயலாமல் வளைந்து வளைந்து செல்கிறது. வளையுந்தோறும் அடியின் ஆற்றல் செலவாகிறது.

கடினம் வேறு, உடையாமை வேறு. கண்ணாடி கடினமானதுதான், கைதவறினால் சிதறிவிடும்.

இம்மாவட்டத்துச் சாகுபுரத்தில் பி.வி.சி. என்னும் பிளாஸ்டிக் தயாராகிறது. அதன் எடையில் சுமார் 57 விழுக்காடு குளோரின். குளோரினோ உப்பிலிருந்து பெறப்படுவது. விறைப்பான பி.வி.சி.க்கு ஒரு குறை உண்டு. கீறல் விழுந்த இடத்தில் அடிபட்டால், அது திடீரென்று பிளந்துவிடக்கூடும்.

இக்குறையைப் போக்க, 100 பங்கு பி.வி.சி.யுடன் 5 முதல் 10 பங்கு வரை ரப்பர்த் தன்மையுள்ள சேர்மானத்தைக் கலப்பதுண்டு. அதில் ஒருவகையின் துகள் மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவே இருக்கும். அதன் உள்ளே ரப்பர், வெளியே பி.வி.சி.யோடு நன்கு இணையும் மேலுறை. அடி விழும்போது எண்ணற்ற துகள்களைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் சிறிது சிறிதாக இழுபட்டு நெகிழ்கிறது. ஓரிடத்தைப் பிளக்கவிருந்த ஆற்றல் பல இடங்களுக்குப் பங்கிடப்படுகிறது. சிப்பி, விரிசலைத் திசைதிருப்புகிறது. சேர்மானம், அடியைப் பகிர்ந்தளிக்கிறது. வழி வேறாயினும், கடினத்தின் நடுவே சிறிது மென்மையை வைக்கும் நெறி ஒன்றே.

எனினும் அளவு மிஞ்சலாகாது. ரப்பர் மிகுந்தால் குழாய் விறைப்பை இழக்கும். மேலும், பியூட்டாடையீன் ரப்பர் வெயிலில் நாளடைவில் சிதைவதால், வெளிப்புறப் பொருள்களுக்கு அக்ரிலிக் வகை ரப்பரே ஏற்றது. நம் கடற்கரை வெயிலில் இவ்வேறுபாடு சிறியதன்று.

ஆகவே, ஒரு பொருளை வலிமையானது என்று எவரேனும் கூறினால், எதைத் தாங்கும் வலிமை என்று கேளுங்கள். சுமையையா, கீறலையா, அடியையா, வெயிலையா? அக்கேள்வியிலிருந்தே பொருளறிவியல் தொடங்குகிறது.