வெடியுப்புக்குள் ஓடும் கடிகாரம்

சிவகாசிப் பக்கம் கருமருந்து சேர்ப்பவர்களைக் கேட்டால் சொல்வார்கள்: வெடியுப்பு, கந்தகம், கரி. இதில் வெடியுப்பு என்பது பொட்டாசியம் நைட்ரேட். அதில் ஒரே ஒரு கிராமுக்குள் நொடிக்குச் சுமார் 12 அணுக்கருக்கள் தாமாகவே சிதைந்துகொண்டிருக்கின்றன. பயப்பட வேண்டாம். உங்கள் உடம்பிலேயே நொடிக்கு 4,000-க்கு மேல் இப்படிச் சிதைகின்றன!

எல்லாம் பொட்டாசியம்-40 செய்யும் வேலை. பொட்டாசியத்துக்குக் கதிரியக்கம் உண்டு என்பது 1906 வாக்கில் தெரிந்தது. காரணமான அணுவை 1935-இல் ஆல்ஃபிரெட் நியர் பிடித்துக் காட்டினார். மொத்தப் பொட்டாசியத்தில் அதன் பங்கு எவ்வளவு? 1950-இல் அவர் அளந்தது 0.0119 சதவீதம். 1975-இல் இன்னொரு குழு அளந்தபோது 0.01167.

இவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் பொட்டாசியம்-40-இன் ஒரு பகுதி ஆர்கானாக மாறிப் பாறைக்குள் தங்கிவிடும். அதை அளந்துதான் பாறைக்கு வயது சொல்கிறார்கள். மற்றவை மாறாமல் இந்த ஓர் எண் மட்டும் திருந்தினாலே, 100 கோடி வயதுப் பாறையின் கணக்கு ஒரு கோடி ஆண்டுக்கு மேல் நகர்ந்துவிடும்.

பொட்டாசியம்-40-இன் அரை ஆயுள் சுமார் 125 கோடி ஆண்டு. யாரால் காத்திருக்க முடியும்? சிதைவுகளை எண்ணித்தான் கணக்கிடுகிறார்கள். ஆயிரத்தில் ஒன்றாக நடக்கும் ஓர் அபூர்வச் சிதைவு மட்டும் பல்லாண்டுகள் யார் கண்ணிலும் படாமல், ஏட்டுக் கணக்காகவே இருந்தது. அதையும் நேரடியாக அளந்து 2023-இல் வெளியிட்டுவிட்டார்கள்.